அசுவினிக்கு மருந்து தெளிக்கும் முன் வயலைக் கணக்கெடுக்கும் முறை

தட்டைப்பயற்றில் அசுவினி (குருத்தில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) மொய்த்ததைக் கண்டவுடன் மருந்து தெளித்து, சில வாரங்களில் அது முன்னிலும் அதிகமாகப் பெருகியதைப் பார்த்த பிறகுதான், பூச்சியைத் தின்னும் பூச்சிகளையும் சேர்த்து எண்ணத் தொடங்கினேன். மருந்து இரண்டையும் கொன்றுவிடுகிறது. ஆனால் இணை சேராமலே குஞ்சு ஈனும் அசுவினி விரைவில் மீண்டுவிடுகிறது.

முதலில், வெயில் ஏறும் முன் வயலின் குறுக்கே நடந்து, ஆங்காங்கே பத்துச் செடிகளுக்கு நாடா கட்டி, குருத்தையும் இலையடியையும் பாருங்கள். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸே எனக்குப் பிடித்த கருவி. அசையும் இலையில் கைப்பேசிக் கேமரா உதவுவதில்லை.

அடுத்தது அடையாளம் காணுதல். நான் தவறியது இங்குதான். அசுவினியைத் தின்னும் பொறிவண்டை எல்லோரும் அறிவார்கள். அதன் புழுவோ பெரும்பாலும் கருஞ்சாம்பல் நிறத்தில், ஆரஞ்சுத் திட்டுகளுடன், சிறு முதலையைப் போல நீண்டிருக்கும். அதைப் பயிர் தின்னும் புழு என்று எண்ணிப் பலவற்றை நசுக்கியிருக்கிறேன். இன்றும் அது வருத்துகிறது. மாவுப்பூச்சியை உண்ணும் கிரிப்டோலீமஸ் வண்டின் புழு இன்னும் ஏமாற்றும்: வெண்மெழுகு இழைகள் போர்த்தி மாவுப்பூச்சி போலவே தோன்றும், ஆனால் வளர்ந்த புழு அதைவிடப் பெரியது, வேகமாக நகரும். மெல்லிய காம்பின் நுனியில் நிற்கும் முட்டைகள், புழுப்பருவத்தில் அசுவினியைத் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சியினுடையவை. உப்பிப் பழுப்பேறி அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினிக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது. அதில் வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது.

எண்ணிக்கையோடு வெப்பநிலையையும் மழையையும் குறித்து வையுங்கள். பொறிவண்டுக்குத் தேவையானதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே அசுவினி வளர்வதால், குளிர்ந்த நாட்களில் அது முந்திக்கொள்ளும். வெயில் திரும்பியதும் வண்டுகள் ஈடுகட்டத் தொடங்கும். பலத்த மழை அசுவினியைச் செடியிலிருந்து அடித்துச் செல்லும். இலைச்சாறு உறிஞ்சும் நுண்ணிய சிவப்புச் சிலந்திப்பேனுக்கு இது நேர்மாறு: வறண்ட வெப்பம் அதைப் பெருக்கும், அதை உண்ணும் வேறு பேன்வகைகள் பலவற்றுக்கோ ஈரப்பதம் வேண்டும்.

மூன்று நாள் கழித்து அதே செடிகளில் மீண்டும் எண்ணுங்கள். அசுவினி குறைந்து, அதைத் தின்பவை கூடியிருந்தால் காத்திருங்கள். தின்பவை இல்லாமல் அசுவினி மட்டும் கூடினால், முதலில் வேகமான நீர்ப்பீச்சலால் குருத்துகளைக் கழுவுங்கள். போதவில்லையென்றால் மட்டும் வேப்பங்கொட்டைச் சாறு.

பின்சேர்க்கை: பொறிவண்டுகள் வந்தும் அசுவினி குறையவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் செடியில் எறும்புகள் ஊர்ந்தன. தேன்போன்ற கழிவுக்காக எறும்புகள் அசுவினியைக் காத்து வண்டுகளை விரட்டும். ஆகவே கணக்கேட்டில் எறும்புக்கும் ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள்.