பிரிட்டன் வார்டில் முதல் சில மாதங்கள்: புதிதாகச் செல்லும் செவிலியருக்கு

பிரிட்டனின் அரசுப் பொதுச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனைகளுக்குப் பணிக்குச் செல்லும் நம் செவிலியர் பலரும், அங்கே செவிலியராகப் பதிவு பெற எழுத வேண்டிய ‘ஆஸ்கி’ செய்முறைத் தேர்வை நினைத்தே தூக்கம் இழக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பணியைச் செய்து காட்ட வேண்டிய 10 நிலையங்கள் கொண்ட அத்தேர்வுக்குப் பெரும்பாலும் மருத்துவமனையே பயிற்சி அளிக்கிறது. ஒரு விண்ணப்பத்துக்கு 3 வாய்ப்புகளும் உண்டு. தேறி, ‘பின்’ எனப்படும் பதிவு எண் கிடைத்ததும் பதிவு பெற்ற செவிலியருக்கான தொடக்கநிலை ஊதியமான ‘பேண்ட் 5’ வந்துவிடும். ஆனால் அதிகம் தயாராக வேண்டியது வார்டில் வாய் திறந்து பேசுவதற்குத்தான்.

நம் மருத்துவமனைகளில் மேலதிகாரியிடம் தயங்கிப் பேசுவது மரியாதை. அங்கே அந்தத் தயக்கம் நோயாளியின் உயிருக்கே ஆபத்தாகலாம். நாடித்துடிப்பு, மூச்சு, ஆக்சிஜன் அளவு முதலியவற்றுக்கு மதிப்பெண் இடும் ‘நியூஸ் 2’ அட்டவணையில் கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் போனால், இரவு எத்தனை மணியானாலும் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். அழைத்ததும் சுற்றி வளைக்காமல் நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்கள் கோரிக்கை என்ற வரிசையில் சொல்லுங்கள்: “4ஆம் படுக்கை நோயாளிக்கு மூச்சு நிமிடத்துக்கு 26, ஆக்சிஜன் 91 சதவீதம், நாடி 112, மதிப்பெண் 2இலிருந்து 8 ஆகிவிட்டது. நேற்று இடுப்பு அறுவை முடிந்தவர். நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்திருக்குமோ என அஞ்சுகிறேன். இப்போதே வந்து பாருங்கள்.” இதை வீட்டில் ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

உறவினர் உடன் தங்கிக் கவனிக்கும் வழக்கம் அங்கே பொதுவாக இல்லாததால், குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் செவிலியருக்கும் உதவியாளருக்கும் உரிய பணி. அதைத் தாழ்வாக எண்ண வேண்டாம். குதிகாலில் படுக்கைப்புண்ணின் முதல் சிவப்பு கண்ணில் படுவது துடைத்துவிடும்போதுதான். ஆனால் தொடுவதற்கு முன், ஒவ்வொரு முறையும், நோயாளியின் சம்மதத்தைக் கேளுங்கள்.

‘சரி’ என்று நாம் தலையை இருபுறமும் அசைப்பது அவர்களுக்கு ‘இல்லை’ என்று படலாம். வாயால் ‘யெஸ்’ சொல்லிவிடுங்கள். ‘பூர்லி’ என்றால் உடல்நலமில்லை. முதியவர் ‘ஸ்பெண்ட் எ பென்னி’ என்றால் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று பொருள். இத்தகைய சொற்களுக்கு ஒரு சிறு குறிப்பேடு சட்டைப்பையில் இருக்கட்டும்.

புறப்படும் முன் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். குறிப்பாக, இடையில் விலகினால் எவ்வளவு தொகையைத் திருப்பித் தர வேண்டும், அது மாதந்தோறும் குறைகிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.