ஏற்றத்தில் குதித்த செயின்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டச் சரிவுகளில் அழுத்தி மிதித்தால் என் சைக்கிளின் செயின் குதிக்க ஆரம்பித்தது. கியர் கேபிளை இறுக்கிப் பார்த்தேன். சில கியர்கள் சரியாயின, மற்றவை கெட்டன. அப்புறம் சைக்கிளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: கியர் மாற்ற செயினை நகர்த்தும் டீரெய்லரின் கீழ்ப்பகுதி ஸ்போக்குகள் பக்கம் சாய்ந்திருந்தது. அதைப் பிரேமோடு இணைக்கும் ஹேங்கர் வளைந்துவிட்டது. அடிபட்டால் பிரேமுக்குப் பதிலாகத் தான் வளைவதற்காகவே செய்யப்பட்ட சின்ன அலுமினியத் துண்டு அது. பிரேமுக்குப் பிரேம் வடிவம் மாறும். மாடல் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இன்னொன்றும் வாங்கிப் பையில் போட்டுவைத்திருக்கிறேன், அது அவ்வளவு முக்கியம்.

ஹேங்கரை மாற்றியதும் கியர்கள் ஒழுங்காக விழுந்தன. ஆனால் ஏற்றத்தில் குதிப்பது முழுதாக நிற்கவில்லை. செயின் தேய்ந்து நீண்டிருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு பின்னிலிருந்து அதற்கு அடுத்த 24-வது பின் வரை 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் கூடினாலே செயினை மாற்றிவிடலாம். எனக்கு 1/8 கூடியிருந்தது. அந்த அளவில் கேசட்டின், அதாவது பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கின், பற்களும் தேய்ந்திருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். சரியாகிவிட்டது.

செயினைத் தின்பது சேறுதான். அதனால் மழை பெய்த மறுநாள் மண் பாதையில் இறங்குவதில்லை, ஜல்லி போட்ட எஸ்டேட் சாலைதான். ஈர மண்ணில் டயர் தடம் வாய்க்காலாகி, அடுத்த மழையில் பாதையே அரித்துப்போகும். அதில் தினமும் நடப்பவர்கள் தோட்டத் தொழிலாளர்கள்.