மூன்று காட்சி நடிகருக்கு ஒரு கணக்கு நோட்டு

வேலூர் ஆரணி ரோட்டில் பதினோரு வருஷம் கேசட் கடை வைத்திருந்தேன். வீடியோ கேசட் வாடகைக்கு, கல்யாண வீடு, காதுகுத்து என்றால் டெக்கும் சேர்த்து வாடகைக்கு. இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிறது. அந்தக் காலத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று கிடக்கும். முன்பக்கத்திலிருந்து புரட்டினால் யார் எந்தக் கேசட்டை எடுத்துப் போனார், எத்தனை நாள் பாக்கி என்று இருக்கும். பின்பக்கத்திலிருந்து தலைகீழாகத் திருப்பினால் வேறு கணக்கு: இங்கிலீஷ் படங்களில் திரும்பத் திரும்ப வரும், பெயர் தெரியாத முகங்கள். பெயர் தெரியாததால் ‘மீசை கர்னல்’, ‘வழுக்கை வக்கீல்’ என்று நானே பட்டம் கொடுத்திருந்தேன். அதில் ‘நல்லவன் மாதிரி இருக்கிறவன்’ என்று எழுதியிருந்த ஆள்தான் ஜூலியன் குளோவர்.

போன அக்னி நட்சத்திரத்தில், தெருவில் நாய்கூட நடமாடாத ஒரு மத்தியானம், அக்கா மகள் அந்த நோட்டைப் பரண் மேலிருந்து எடுத்துத் தூசி தட்டினாள். “இன்னா மாமா இது, ஒரு ஹீரோ பேரும் இல்ல?” என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிரிட்டிஷ் குணச்சித்திர நடிகர் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவருடைய ஐம்பது அறுபது வருஷத் திரை வாழ்க்கையை வீட்டில் உட்கார்ந்தபடியே எப்படிப் பின்தொடர்வது என்பதுதான் விஷயம். குளோவரையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில், பிறந்த வருஷத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். 1935 மார்ச்சில் லண்டனில் பிறந்தார், ராடா நாடகப் பள்ளியில் படித்தார், 1963-இல் ‘டாம் ஜோன்ஸ்’ படத்தில் ஒரு லெப்டினன்ட்டாக வந்தார் என்று வரிசையாகப் போனால் நாலு நாளில் அலுத்துவிடும். எந்தப் படத்தில் “இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே” என்று தோன்றியதோ, அங்கே முளை அடியுங்கள். எனக்கு அது 1989-இல் வந்த மூன்றாவது இண்டியானா ஜோன்ஸ் படம். அதில் வால்டர் டோனவன் என்ற பணக்காரராக வருவார். அங்கிருந்து முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் என்று நகர வேண்டும். முன்னால் போனால் 1981-இல் ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’, ரோஜர் மூர் நடித்த ஜேம்ஸ் பாண்ட் படம். அதற்கும் முன்னால் 1980-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் வந்த ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’. பின்னால் வந்தால் 2004-இல் ‘ட்ராய்’, 2011-இலிருந்து 2016 வரை ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ டிவி தொடர். இந்த ஐந்தும் கையில் இருந்தாலே எலும்புக்கூடு நின்றுவிடும். சதை பிறகு ஒட்டும்.

நோட்டில் கோடு போடும்போது ஆண்டு, படம், பாத்திரம் என்று மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். அது இணையத்திலேயே கிடைக்கிறதே, அதைப் பார்த்து எழுத நாம் எதற்கு? என் நோட்டில் இன்னும் மூன்று கட்டம் உண்டு. முதலில் எங்கே வருகிறார், எத்தனை காட்சி, யார் எதிரில் நிற்கிறார். இந்தக் கடைசிக் கட்டம்தான் சுவாரஸ்யம். 1980 படத்தில் அவர் ஜெனரல் வீர்ஸ். எதிரில் நிற்பது முகமூடி போட்ட வில்லன் டார்த் வேடர். முகம் தெரியாத ஒருவனிடம் சேதி சொல்லும்போது இந்தப் பக்கம் இருக்கிறவனின் முகம்தான் பயத்தையும் காட்ட வேண்டும், பட்டாளத்து மிடுக்கையும் காட்ட வேண்டும். அப்புறம் பனி மூடிய கிரகத்தில் நடக்கும் சண்டையில் நாலு கால் இயந்திரத்துக்குள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருப்பார். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்தப் படத்தின் ரசிகர்கள் இன்றைக்கும் வீர்ஸ் என்றால் தெரியும் என்கிறார்கள்.

அடுத்தது, எனக்கே பெரிய அடி விழுந்த இடம்: பெயர்க் குழப்பம். சினிமாவில் குளோவர்கள் அதிகம். டேனி குளோவர் அமெரிக்கர், அவரை யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். ஜான் குளோவர் என்று இன்னொரு அமெரிக்க நடிகர் இருக்கிறார், அவரும் குணச்சித்திரம்தான். 1988-இல் வந்த ‘ஸ்க்ரூஜ்ட்’ படத்தின் கேசட் உறையில் பொடி எழுத்தில் ‘ஜே. குளோவர்’ போல எதையோ படித்துவிட்டு, படத்தைப் பார்க்காமலேயே நம் ஆள் கணக்கில் ஏற்றிவிட்டேன். பல வருஷம் கழித்துப் பார்த்தால் அங்கே வேறு முகம் சிரிக்கிறது. பார்க்காத படத்தை நோட்டில் மையால் எழுதாதீர்கள், பென்சிலால் எழுதுங்கள். பார்த்த பிறகு மை.

ஒரே படம் இரண்டு பெயரில் வருவதும் உண்டு. இது நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வரும் பழைய பட்டாவில் வட ஆற்காடு என்று இருக்கும், 1989-க்குப் பிந்தைய காகிதத்தில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இருக்கும், அப்புறம் வேலூர். 2019-க்குப் பிறகு அதே நிலம் ராணிப்பேட்டைக்கோ திருப்பத்தூருக்கோ போயிருக்கும். நிலம் ஒன்றுதான். அதுபோல குளோவர் முரட்டுக் கர்னலாக நடித்த 1967-ஆம் வருஷப் படம் இங்கிலாந்தில் ‘குவாட்டர்மாஸ் அண்ட் தி பிட்’, அமெரிக்காவில் ‘ஃபைவ் மில்லியன் இயர்ஸ் டு எர்த்’. தெரியாதவர் இரண்டு படமாக எண்ணிவிடுவார்.

பிரிட்டிஷ் நடிகர் என்றால் டிவியைத் தனிப் பக்கமாக வைத்தே ஆக வேண்டும். நம் ஊரில் சினிமாவில் இருந்தவர் சீரியலுக்குப் போனால் “மார்க்கெட் போச்சு” என்பார்கள். அங்கே அப்படி இல்லை. காலையில் டிவி ஒத்திகை, ராத்திரி நாடக மேடை, நடுவில் ஒரு சினிமா என்று போய்க்கொண்டே இருப்பார்கள். ‘டாக்டர் ஹூ’ என்ற பிபிசியின் காலப்பயணத் தொடரில் 1965-இல் குளோவர் சிங்க நெஞ்சன் ரிச்சர்டு மன்னர், 1979-இல் அதே தொடரில் வேறொரு கதையில் பாரிஸ் பிரபு வேஷத்தில் மறைந்திருக்கும் வேற்றுக்கிரகவாசி. 1965-ஆம் வருஷக் கதை நாலு பாகம். அதில் முதல் பாகமும் மூன்றாம் பாகமும்தான் படமாகக் கிடைக்கின்றன, மற்ற இரண்டுக்கும் ஒலி மட்டும் மிச்சம். டேப் விலை அதிகம், ஒளிபரப்பானதைத் திரும்பப் பார்க்க யார் வரப்போகிறார்கள் என்று அந்தக் காலத்தில் பிபிசி அழித்துவிட்டு அதிலேயே வேறு நிகழ்ச்சி பதிவு செய்தது. கல்யாண கேசட் மேல் கிரிக்கெட் பதிவு செய்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், அதனால் பிபிசி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இரண்டு வரியையும் நோட்டில் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

நாடகத்தை நாம் பார்க்க முடியாது, அதனால் அதற்கு ஒரே ஒரு பக்கம் போதும். 1993-இல் ‘நான்காம் ஹென்றி’க்காகத் துணை நடிப்புக்கு ஒலிவியர் விருது வாங்கினார் என்று எழுதிவைத்தேன். அவ்வளவுதான்.

இனி பார்க்கும் முறைக்கு வருகிறேன். இதைத்தான் ரொம்ப நேரம் சொல்ல வேண்டும்.

சின்ன வயதில் ஆரணிப் பக்கம் எங்கள் தாத்தா ஊரில் பாரதம் வைத்தால் பதினெட்டாம் நாள் படுகளம் வரைக்கும் அங்கேதான் இருப்போம். கர்ண மோட்சம் கூத்து நடக்கும் ராத்திரி, கர்ணன் பாட ஆரம்பித்தால் கூட்டம் முழுக்க அவனையே பார்க்கும். தாத்தா என் தாடையைப் பிடித்துத் திருப்பி, “அந்தச் சல்லியனைப் பாருடா” என்பார். சல்லியன் தேரோட்டி. பாட்டு இல்லாத நேரத்தில் அவன் என்ன செய்கிறான்? கேட்கிறானா, இல்லை கிரீடம் கழன்றுவிடுமோ என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறானா? கேட்கிறவன் கேட்டால்தான் பாடுகிறவனுக்கு மதிப்பு.

அதே பாடம்தான் இங்கேயும். ஒரு காட்சியை இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை கதைக்கு. இரண்டாம் தடவை ஹீரோ பேசும்போது ஹீரோவைப் பார்க்காமல் நம் ஆளை மட்டும் பாருங்கள். பாண்ட் படத்தில் அவர் பெயர் கிறிஸ்டாடோஸ். பாண்டுக்கு உதவி செய்யும் பெரிய மனிதராக வந்து, இன்னொருவர் மேல் பழியைப் போடுவார். நம் கணக்கில் சொன்னால் இடைவேளைக்கு முன் நல்லவர், பின் கெட்டவர். இண்டியானா ஜோன்ஸிலும் அதே தொழில்தான்: தன் வீட்டில் விருந்து நடக்கும்போது ஹீரோவைத் தனியாக அழைத்துப் போய்ப் பழைய கல்வெட்டுத் துண்டைக் காட்டும் கலாரசிகர், பிறகு பார்த்தால் நாஜிகளோடு நிற்கிறார். நம்பியார் திரையில் நுழைந்ததுமே தியேட்டரில் பெண்கள் திட்ட ஆரம்பிப்பார்கள், அது ஒரு திறமை. இவருடையது நேர்மாறான திறமை. விஷயம் தெரிந்துவிட்ட பிறகு முதல் காட்சியைத் திரும்பப் பாருங்கள், அவர் எங்கேயும் “நான் கெட்டவன்” என்று நமக்குக் கண்ணடித்திருக்க மாட்டார். அதனால்தான் என் நோட்டில் அந்தப் பட்டம்.

இன்னும் கிட்டத்தில் பார்க்க ஒரு காட்சி சொல்கிறேன். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ முதல் பருவத்தின் கடைசிப் பாகம், 2011. குளோவர் அதில் பைசல் என்ற கிழட்டு ராஜ வைத்தியர். கழுத்தில் கனத்த சங்கிலி, கூனல், நடுங்கும் குரல். ஒரு பெண்ணிடம் பழைய ராஜாக்களைப் பற்றி இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருப்பார். அவள் வெளியே போகிறாள். கதவு சாத்தியதும் கிழவர் எழுந்து முதுகை நிமிர்த்துகிறார், கை காலை உதறிச் சோம்பல் முறிக்கிறார், வாலிபன் போல உடம்பை வளைக்கிறார். பிறகு வெளியே கிளம்பும்போது தோள் இறங்குகிறது, கூன் திரும்ப வருகிறது, தளர்ந்த நடை. ஒரு வசனம் கிடையாது. அப்போது நடிகருக்கே 76 வயது. 76 வயதுக்காரர், திடமான ஒருவராக இருந்துகொண்டு, அந்த ஒருவர் கிழவராக நடிப்பதை நடிக்கிறார். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள், தோள் எந்த நொடியில் இறங்குகிறது என்று. நான் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஏழெட்டுத் தடவை பார்த்தேன். வீட்டில் சாம்பார் அடிப்பிடித்தது தனிக் கதை.

கடைசிப் பெயர்ப் பட்டியலை ஓடவிட்டுப் படியுங்கள். எங்கள் காலத்துக் கேசட்டில் படம் முடிந்த நொடியில் யாரோ ஒரு ஜவுளிக் கடை விளம்பரத்தை ஒட்டியிருப்பார்கள், பெயர்கள் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. இப்போது செல்போனிலேயே நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம். ‘அடுத்த பாகம்’ என்று வரும் பட்டனை மட்டும் அமுக்கிவிடாதீர்கள். நான் இருபது வருஷமாகத் தவறவிட்டதை அக்கா மகள் அங்கேதான் பிடித்தாள். அந்த இண்டியானா ஜோன்ஸ் விருந்துக் காட்சியில் ஒரு பெண்மணி வந்து, விருந்தாளிகளை விட்டுவிட்டு இங்கே என்ன செய்கிறாய் என்ற தோரணையில் டோனவனைக் கேட்டுவிட்டுப் போவார். பட்டியலில் அவர் பெயர் ‘மிஸஸ் குளோவர்’ என்றுதான் இருக்கிறது, சொந்தப் பெயர் ஐலா பிளேர். படத்தில் திருமதி டோனவன், நிஜத்திலும் குளோவரின் மனைவி. அதோடு அந்த அம்மா பிறந்த ஊர் பெங்களூர். காட்பாடியில் காலையில் பிருந்தாவன் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேருகிற ஊர். கேட்டதும் அவளுக்கு அந்த நடிகர் தூரத்துச் சொந்தம் ஆகிவிட்டார்.

குளோவரும் இந்தியக் கதைகளுக்கு வந்தவர்தான். 1983-இல் சசி கபூர் நடித்த ‘ஹீட் அண்ட் டஸ்ட்’, 1984-இல் டிவிக்கு எடுத்த ‘கிம்’, இரண்டிலும் வெள்ளைக்கார அதிகாரி. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். துரை வேஷம் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்தால், நாற்காலியில் உட்காரும் விதத்திலேயே வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: தமிழ் டப்பிங்கில் பார்க்காதீர்கள். கதை பார்க்க டப்பிங் தாராளமாகப் போதும், நானே பார்க்கிறேன். ஆனால் குணச்சித்திர நடிகரின் பாதி சரக்கு குரலில் இருக்கிறது. 2002-இல் வந்த இரண்டாவது ஹாரி பாட்டர் படத்தில், காட்டுக்குள் இருக்கும் ராட்சத எட்டுக்கால் பூச்சிக்குக் குரல் கொடுத்தவர் இவர். தமிழில் போட்டால் படத்தில் அவர் இருந்த சுவடே இருக்காது.

இதை அக்கா மகளிடம் சொல்லி, அன்றைக்கு ராத்திரி அவளையே அந்த வரியை எழுதச் சொன்னேன். ஆண்டு போட்டாள், படம் போட்டாள். பாத்திரம் என்ற இடத்தில் ‘பூச்சி’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

“மாமா, எத்தனை காட்சின்னு எழுதறது? ஆளே வரலியே.”

ஸ்கேலை எடுத்துக் கொடுத்தேன். ஓரத்தில் இன்னொரு கோடு போட்டு, மேலே ‘குரல்’ என்று தலைப்பு எழுதினாள்.