ஷார்ட்கட் மறந்தால் கமாண்ட் கீயை அழுத்திப் பிடியுங்கள்

ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் ‘சீட்ஷீட்’ என்ற சின்னச் செயலியைப் போட்டுவிட்டு, கமாண்ட் கீயைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். அப்போது ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் கீபோர்டு ஷார்ட்கட் பட்டியல் திரையில் விரியும். விரலை எடுத்தால் மறைந்துவிடும்.

களியக்காவிளை, செங்கோட்டைப் பக்கம் தமிழ்க் கல்யாணப் பத்திரிகையும் மலையாள நோட்டீஸும் மாறி மாறி அடிக்கும் டிடிபி கடைகளுக்கு இது ரொம்ப உதவும். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனில் கமாண்ட்+டி அழுத்தினால் படம் வைக்கலாம். அதையே போட்டோஷாப்பில் அழுத்தினால் செலக்‌ஷன் போய்விடும். அவசர வேலையில் இதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

முன்னால் நிற்கும் மென்பொருளின் மெனுவைப் படித்துத்தான் செயலி பட்டியல் போடுகிறது. அதனால் முதல் தடவை சிஸ்டம் செட்டிங்ஸில் ‘ஆக்சசிபிலிட்டி’ அனுமதி கொடுத்தாக வேண்டும். மெனுவில் இல்லாதது பட்டியலிலும் வராது: போட்டோஷாப்பில் மூவ் கருவிக்கான ‘வி’ போன்ற ஒற்றை எழுத்துகளை அங்கே தேடாதீர்கள்.

விண்டோஸில் இந்தச் செயலி ஓடாது. அங்கே வேர்ட், எக்செல் என்றால் ஆல்ட் கீயை ஒரு தட்டுத் தட்டுங்கள். எந்தப் பட்டனுக்கு எந்த எழுத்து என்று அதன் மேலேயே காட்டும். தனியாக எதுவும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை.