மூலையில் இருந்த தண்ணீர்க் கிண்ணம்

மூன்று வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்த பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்தது. அப்பாடா!

வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாய்கள். மீட்கப்பட்ட ஒரு பெண் நாயைத் தற்காலிகமாக வளர்க்க அழைத்து வந்தேன். நடைக்குப் போனால் மூன்றும் ஒட்டிக்கொண்டே நடக்கும். ஆனால் வீட்டுக்குள் மூத்தவன் மணி திடீர் திடீரென்று அவள் மேல் பாய்ந்தான்.

சாப்பாட்டைத் தனித்தனி அறையில் வைத்தேன். பொம்மை, எலும்பு எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். வலி இருந்தாலும் நாய் இப்படிச் சீறும் என்பதால் மருத்துவரிடம் காட்டினேன். பல், காது, மூட்டு எல்லாம் சரி.

அப்புறம்தான் சண்டை நடந்த இடங்களைக் குறிக்க ஆரம்பித்தேன். 7 சண்டையில் 6 ஒரே மூலையில், ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே. அங்கேதான் தண்ணீர்க் கிண்ணம். உட்கார்ந்து கவனித்தேன். மணி குடிக்கிறான், அவள் பின்னால் வந்து நிற்கிறாள். நக்கும் சத்தம் சட்டென்று நிற்கிறது. தலை கிண்ணத்திலேயே இருக்க, உடம்பு விறைக்கிறது, கடைக்கண்ணில் வெள்ளை விழி தெரிகிறது. உறுமல் அதற்குப் பிறகுதான். விலகிப் போக அவனுக்கு வழியே இல்லை.

அந்தக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, எந்தப் பக்கமும் அடைபடாத இடங்களாகப் பார்த்து மூன்று கிண்ணம் வைத்தேன். அன்றிலிருந்து சண்டை இல்லை. அந்த 7-இல் மீதி ஒரு சண்டை வாசலில் நடந்தது. அதனால் இப்போது நாய்களை ஒவ்வொன்றாக வெளியே விடுகிறேன்.

அவளை நாங்களே தத்தெடுத்துக்கொண்டோம்.