நல்லிணக்கப் பாடத்தில் நாம் செய்யும் பிழைகள்

ஆஸ்திரேலியப் பள்ளிகளில் ஆண்டுதோறும் மே 27 முதல் ஜூன் 3 வரை தேசிய நல்லிணக்க வாரம். பூர்வகுடி மக்களுக்கும் மற்ற ஆஸ்திரேலியர்களுக்கும் இடையிலான நல்லிணக்கத்துக்கான வாரம் அது. 1967இல் நடந்த பொது வாக்கெடுப்பின் நாளில் தொடங்கி, 1992இல் உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் பூர்வகுடி மக்களின் நில உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்த நாளில் அது முடிகிறது. அந்த வாரத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் கொடிக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். உள்ளங்கையில் சாயம் பூசித் தாளில் பதிக்கிறார்கள். புள்ளி புள்ளியாக ஓர் ஆமையை வரைந்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். "உன் பள்ளிக்கூடம் யாருடைய மண்ணில் இருக்கிறது?" என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரிவதில்லை. ஒரு வாரம் பாடம் நடந்தும் ஒரு மனிதரின் பெயரோ ஓர் ஊரின் கதையோ அவர்கள் மனத்தில் தங்கவில்லை.

மேற்கு சிட்னியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் பாடம் சொல்லித்தருகிறேன். ஆசிரியர்களும் பெற்றோரும் நல்லெண்ணத்தோடுதான் இந்தப் பாடத்தைத் தொடுகிறார்கள். அந்த நல்லெண்ணம் வீணாகக் கூடாது என்ற அக்கறையில் இதை எழுதுகிறேன்.

பெயரில்லாமல் சொல்வது

மற்றப் பிழைகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது. "பூர்வகுடி மக்கள் இப்படி வரைவார்கள், இதை உண்பார்கள், இந்த வாத்தியத்தை ஊதுவார்கள்" என்று ஒரு கண்டத்தையே ஒரே மக்களாக்கிவிடுகிறோம். 1788இல் ஆங்கிலேயர் குடியேறியபோது இங்கே 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. டிட்ஜெரிடூ என்ற நீண்ட மரக்குழல் வடபகுதி மக்களின் வாத்தியம். கான்வாஸைப் புள்ளிகளால் நிறைக்கும் ஓவிய முறை, மத்தியப் பாலைவனத்தில் உள்ள பப்புன்யா குடியிருப்பில் 1971இல் தொடங்கிய கலை இயக்கத்திலிருந்து பரவியது. அதன் குறிகளுக்குப் பொருள் உண்டு, அவற்றைத் தீட்டும் உரிமை யாருக்கு என்ற ஒழுங்கும் உண்டு. சிட்னி வட்டாரத்து மக்களோ மணற்பாறைகளில் மீனையும் திமிங்கிலத்தையும் செதுக்கினார்கள். அவற்றைக் கூரிங்காய் சேஸ் தேசியப் பூங்காவில் இன்றும் பார்க்கலாம். சிட்னிப் பிள்ளை ஒன்று பாலைவனத்துப் புள்ளிகளைப் படியெடுத்தால் பாலைவனத்தையும் அறிவதில்லை, சிட்னியையும் அறிவதில்லை. ஓர் ஓவியரின் பெயரைச் சொல்லி, அவருடைய படம் ஒன்றைக் காட்டி, அவர் எந்த மண்ணைத் தீட்டினார் என்று பேசுங்கள். பிறகு பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த இடத்தைத் தங்கள் பாணியில் வரையட்டும்.

ஆஸ்திரேலியாவின் வடமுனைக்கு அப்பால் உள்ள டோரஸ் நீரிணைத் தீவு மக்களும் தனி மக்கள். பள்ளி முற்றத்தில் இரண்டு கொடிகள் பறப்பது அதனால்தான். கறுப்பு, சிவப்பு, மஞ்சள் நிறக் கொடியை ஹரால்ட் தாமஸ் வடிவமைத்தார், 1971இல் அது அடிலெய்டில் முதன்முதலாக ஏற்றப்பட்டது. பச்சை, நீலக் கொடி பெர்னார்ட் நமோக் 1992இல் உருவாக்கியது.

பாடத்தைக் காலடி மண்ணிலிருந்து தொடங்குங்கள் என்பதே நான் திரும்பத் திரும்பச் சொல்வது. துங்காபி, பென்டில் ஹில், வென்ட்வொர்த்வில், பரமட்டா என்று தமிழர் நெருங்கி வாழும் ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இவை தாருக் மக்களின் நிலம். பரமட்டா என்ற பெயர் அங்கே வாழ்ந்த பரமட்டகல் குலத்தாரிடமிருந்து வந்தது. பென்டில் ஹில்லுக்குச் சற்றுத் தொலைவில் பெமுல்வுய் என்றொரு புறநகர் இருக்கிறது. பெமுல்வுய் ஆங்கிலேயரை எதிர்த்த பிஜிகல் குலத்துப் போராளி. 1797இல் துங்காபிப் பண்ணையைத் தாக்கிய பிறகு பரமட்டாவில் நடந்த மோதலில் குண்டுகள் பாய்ந்தும் உயிர் பிழைத்தார், 1802இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பஸ்ஸின் முகப்பில் தினமும் காணும் பெயருக்குப் பின்னால் இப்படி ஒருவர் இருந்தார் என்று தெரிந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இந்த வட்டாரத்தில் நான் அதிகம் சொல்ல விரும்புவது மரியா லாக்கின் கதை. ஆளுநர் மக்குவாரி பரமட்டாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதிப் பள்ளியை நிறுவினார். அதன் விதிப்படி, சேர்த்த பிள்ளையைப் பெற்றோர் நினைத்தபோது திரும்ப அழைத்துச் செல்ல முடியாது. 1814 டிசம்பரில் அங்கே சேர்க்கப்பட்ட சிறுமிகளில் ஒருத்தி மரியா, யாரமுண்டி என்ற தலைவரின் மகள். 1819இல் நடந்த பொதுத் தேர்வில் ஏறக்குறைய நூறு வெள்ளைக்காரப் பிள்ளைகளும் எழுதினார்கள். முதல் பரிசு மரியாவுக்கு. வளர்ந்தபின், இறந்துபோன தன் சகோதரர் கோல்பீக்கு வழங்கப்பட்டிருந்த நிலத்தைத் தனக்குத் தரும்படி 1831இல் தானே ஆளுநருக்கு விண்ணப்பம் எழுதினார், பின்னர் அதைப் பெற்றும் காட்டினார். 1823இல் அந்தப் பள்ளி இடம் மாறிய பகுதிக்குத்தான் பிளாக்டவுன் என்ற பெயர் வந்தது. பள்ளி இருந்த நிலம் 2018இல் தாருக் மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. இழப்பு, திறமை, விடாமுயற்சி, நிலம் திரும்பக் கிடைத்தது என எல்லாமே பஸ்ஸில் போய்வரும் தொலைவுக்குள் நடந்திருக்கின்றன. இதை விட்டுவிட்டு எங்கோ உள்ள பாலைவனத்தைப் பற்றிப் பொதுவாகப் பேச வேண்டிய தேவை என்ன?

மெல்பர்னில் இருப்பவர்களுக்கு வுருண்ட்ஜெரி மக்களும் புனுரங் மக்களும் இருக்கிறார்கள். எந்த ஊரானாலும் அங்கே உள்ள நூலகத்திலோ நகராட்சியிலோ கேட்டால் தெரியும்.

இறந்த காலத்தில் பேசுவது

"அவர்கள் வேட்டையாடினார்கள், குகையில் வாழ்ந்தார்கள்" என்று பாடம் முழுவதும் இறந்த காலத்திலேயே நடந்தால், அவர்கள் இப்போது இல்லை என்றுதான் பிள்ளை முடிவுசெய்யும். 2021 கணக்குப்படி பூர்வகுடி, டோரஸ் நீரிணை மக்கள் ஏறக்குறைய 9,84,000 பேர், நாட்டு மக்களில் 3.8 விழுக்காடு. பெரும்பாலானோர் நகரங்களிலும் அவற்றை அடுத்த ஊர்களிலும் வாழ்கிறார்கள். பக்கத்து வீட்டு மருத்துவரோ பள்ளிக்கூட ஆசிரியரோ ரயில் ஓட்டுநரோ அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

இதோடு ஒட்டியது தோல் நிறத்தைப் பற்றிய பேச்சு. "அவளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே, எத்தனை பங்கு பூர்வகுடி இரத்தம்?" என்று நம் வீடுகளில் சாதாரணமாகக் கேட்கிறோம். பிள்ளைகள் முன்னால் மட்டுமல்ல, எங்குமே இதைக் கேட்காதீர்கள். பங்கு போட்டு அளந்துதான் அரசு அதிகாரிகள் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்தார்கள். வம்சமும் குடும்பமும் சமூகமும் ஏற்றுக்கொள்வதும் சேர்ந்ததே அடையாளம். வகுப்பில் ஒரு பூர்வகுடிப் பிள்ளை இருந்தால், "நீயே சொல்லம்மா" என்று எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தாதீர்கள். தானாகப் பேச விரும்பினால் பேசட்டும். ஆறு வயதில் ஒரு மக்கள் கூட்டத்தின் பிரதிநிதியாக இருக்கச் சொல்வது கொடுமை.

தமிழ் வீடுகளில் மட்டும் நடக்கும் பிழை

நல்லிணக்கம் என்றதும் நம்மவர்கள் சிலர் உடனே குமரிக்கண்டத்துக்குப் போய்விடுகிறார்கள். "அவர்களும் தமிழர்கள்தான், லெமூரியா மூழ்கியபோது பிரிந்தவர்கள்" என்று பிள்ளைக்குச் சொல்கிறார்கள். பாசத்தோடு சொல்வதாகவே அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் லெமூரியா என்பது லெமூர் விலங்குகளின் பரவலை விளக்க 1864இல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற விலங்கியலாளர் முன்வைத்த ஊகம். கண்டங்கள் நகர்வதை அறிவியல் நிறுவிய பிறகு அதற்கு இடமில்லாமல் போயிற்று. திராவிட மொழிகளின் பிரதிப் பெயர்களுக்கும் ஆஸ்திரேலிய மொழிகளுக்கும் ஒற்றுமை இருப்பதாகக் கால்டுவெல் எழுதியது உண்மை. பின்வந்த மொழியியலில் அந்த உறவு நிறுவப்படவில்லை. அவர்கள் இந்த மண்ணில் வாழ்ந்துவரும் காலம் 65,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகிறது என்று அகழாய்வுகள் காட்டுகின்றன. அவ்வளவு நீண்ட வரலாற்றை உடையவர்களை நம் கதையின் ஒரு கிளையாக்குவது, அவர்களிடமிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்வதாகும். தங்கள் நிலத்தை வைத்துத் தங்களைச் சொல்லிக்கொள்ளும் மக்களிடம் "நீங்கள் உண்மையில் நாங்கள்தான்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களில் வேறொரு பேச்சு வரும். "நாங்களும் நிலம் இழந்தவர்கள்தான்." அந்த வலி உண்மையானது. அதைப் பிள்ளையிடம் மறைக்கச் சொல்ல மாட்டேன். தாத்தாவின் வீடு இப்போது யார் கையில் என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு தாருக் மக்களின் இழப்பு எளிதாகப் புரியும். அங்கிருந்து தொடங்கலாம், அங்கேயே தங்கிவிடக் கூடாது. பத்து நிமிடப் பேச்சில் ஒன்பது நிமிடம் யாழ்ப்பாணத்தைப் பற்றியே போனால் பாடம் தவறிவிட்டது என்று பொருள். இன்னொரு கசப்பான உண்மையும் இருக்கிறது. நமக்கு அடைக்கலம் தந்த இந்த நாட்டில் நம் வீட்டு மனையும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தில்தான் இருக்கிறது. "அது வெள்ளைக்காரர் செய்தது, நமக்கென்ன?" என்று ஒதுங்க முடியாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைக் குற்றமாகச் சுமத்த வேண்டியதில்லை. "நாம் இங்கே வாழ்கிறோம், அதனால் இங்கே நடந்ததைத் தெரிந்துகொள்கிறோம்" என்று சொன்னால் போதும்.

அச்சுறுத்துவதும் மூடி மறைப்பதும்

களவாடப்பட்ட தலைமுறையினரைப் பற்றிச் சொல்லும் இடத்தில்தான் பெரியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். சிலர் "குழந்தைகளுக்கு ஏன் இதெல்லாம்" என்று தவிர்க்கிறார்கள். சிலர் எல்லாக் கொடுமையையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறார்கள். ஐந்தாறு வயதில், "சில பிள்ளைகளை அரசாங்கம் குடும்பத்திடமிருந்து எடுத்துச் சென்றது. அது தவறு. குடும்பங்கள் அவர்களைத் தேடிக்கொண்டே இருந்தன" என்ற அளவு போதும். பத்து வயதில் சட்டத்தைப் பற்றிப் பேசலாம். நியூ சவுத் வேல்ஸில் 1915இல் கொண்டுவந்த திருத்தம், நீதிமன்றத்துக்குப் போகாமலே பிள்ளைகளைப் பிரிக்கும் அதிகாரத்தைப் பூர்வகுடி மக்களை நிர்வகித்த அரசின் பாதுகாப்பு வாரியத்துக்குக் கொடுத்தது. கெம்ப்சி அருகே கின்செலா விடுதியில் சிறுவர்களைப் பெயருக்குப் பதில் எண்ணால் அழைத்தார்கள். 1910 முதல் 1970 வரை பூர்வகுடிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை பிரிக்கப்பட்டதாக 1997இல் வெளிவந்த தேசிய விசாரணை அறிக்கை கூறியது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நாட்டின் நாடாளுமன்றமே மன்னிப்புக் கேட்டது என்பதை வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகளைக் கொண்டு "மன்னித்துவிடுங்கள்" என்று அட்டை எழுதவைத்து, தாங்கள் செய்யாத ஒன்றுக்குப் பழியைச் சுமக்கவைக்கிறோம்.

பிள்ளைகளை அம்மாவிடமிருந்து பிரிப்பதுபோல் நடிக்கவைக்கும் பயிற்சியைத் தயவுசெய்து செய்யாதீர்கள். களவாடப்பட்டவர்களின் பேரப்பிள்ளை அந்த வகுப்பில் இருக்கலாம். முகாமிலிருந்து வந்த அகதிப் பிள்ளையும் இருக்கலாம். நடித்துப் பார்ப்பதால் அந்தத் துயரம் புரிவதில்லை, விளையாட்டாகத்தான் ஆகிறது.

துயரத்தை மட்டுமே சொல்வதும் ஒரு வகை மறைப்பு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நியாயம், அநியாயம் என்பது மிக நன்றாகப் புரியும். அதனால்தான் குரிண்ட்ஜி மக்களின் கதையை நான் விரும்பிச் சொல்கிறேன். 1966 ஆகஸ்டில் வடபிரதேசத்தின் வேவ் ஹில் மாட்டுப் பண்ணையில் வேலை செய்த குரிண்ட்ஜித் தொழிலாளர்கள் வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் வேலையை விட்டு நடந்தார்கள். கூலியில் தொடங்கிய போராட்டம் நிலத்துக்கானதாக வளர்ந்தது. கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1975இல் பிரதமர் கஃப் விட்லம் நேரில் வந்து ஒரு கைப்பிடி மண்ணை லிங்கியாரியின் கையில் கொட்டினார். விக்டோரியாவின் புட்ஜ் பிம் பகுதியில் குன்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைக் கற்களால் கால்வாய் வெட்டி விலாங்கு மீன் வளர்த்தார்கள். 6,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான அந்த அமைப்பு 2019இல் உலக மரபுச் சின்னமானது. "நாடோடிகள், விவசாயம் தெரியாதவர்கள்" என்று வீட்டில் யாராவது சொன்னால் அந்தக் கால்வாய்களின் படத்தைக் காட்டுங்கள்.

தகவல் பிழைகள்

"1967இல்தான் அவர்களுக்கு வாக்குரிமை கிடைத்தது" என்று பல செயல்தாள்களில் பார்க்கிறேன். கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1962இலேயே சட்டமாயிற்று. 1967 வாக்கெடுப்பு, மக்கள்தொகையில் அவர்களைச் சேர்த்து எண்ணவும் அவர்களுக்காக மத்திய அரசு சட்டம் இயற்றவும் வழிசெய்தது. வாக்காளர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஆம் என்றார்கள். "குக் ஆஸ்திரேலியாவைக் கண்டுபிடித்தார்" என்ற வரியைத் திருத்தத் தயங்காதீர்கள், அது பாட்டி சொன்னதாக இருந்தாலும். நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் "குரல்" என்ற பூர்வகுடி அமைப்பை உருவாக்குவது குறித்த வாக்கெடுப்பு 2023இல் தோற்றதைப் பெரிய பிள்ளைகள் கேட்பார்கள். நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள், யார் வீட்டில் யார் எப்படி வாக்களித்தார்கள் என்று வகுப்பில் கேட்காதீர்கள்.

அழைப்பதில் உள்ள மரியாதை

நிகழ்ச்சித் தொடக்கத்தில் தங்கள் மண்ணுக்கு வரவேற்கும் வெல்கம் டு கன்ட்ரி, அந்த மண்ணின் பாரம்பரிய உரிமையாளர்கள் மட்டுமே செய்யக்கூடியது. நாமோ பிள்ளைகளோ சொல்வது, இது யாருடைய மண் என்று மரியாதையோடு ஏற்கும் அக்னாலெட்ஜ்மென்ட். இதையும் மனப்பாடமாக ஒப்பிக்கவைத்தால் பயனில்லை. மக்களின் பெயரோடு, பள்ளிக்கு அருகே ஓடும் ஓடையையோ நிற்கும் மரத்தையோ சேர்த்துப் பிள்ளைகளே எழுதட்டும்.

பூர்வகுடிச் சமூகத்தின் மூத்தவர் ஒருவரை வகுப்புக்கு அழைக்க நினைத்தால் மே மாதம் கடைசி வாரத்தில் தொலைபேசியை எடுக்காதீர்கள். அந்த வாரத்தில் எல்லாப் பள்ளிகளும் அவர்களைத்தான் தேடுகின்றன. பிப்ரவரியிலேயே அப்பகுதிப் பூர்வகுடி மக்களின் நிலப் பேரவையிடம் பேசுங்கள். என்ன பேச வேண்டும் என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும். படம் எடுக்கலாமா என்று முன்பே கேளுங்கள். இறந்தவர்களின் பெயரையும் படத்தையும் காட்டுவதில் சில சமூகங்களுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் செலவிடும் நேரத்துக்கும் தரும் அறிவுக்கும் உரிய ஊதியத்தைப் பள்ளியின் வரவுசெலவுத் திட்டத்தில் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவையுங்கள்.