‘செப்’ என்றால் செப்டம்பர் இல்லை: பழைய ஆங்கிலத் தேவாலயப் பதிவேடுகளைப் படிப்பது எப்படி?

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஊர்த் தேவாலயம் எழுதி வைத்த இங்கிலாந்தின் பழைய பங்குப் பதிவேடு ஒன்றில், ஒரு பெயருக்குப் பக்கத்தில் ‘எஸ்-இ-பி’ என்று இருந்தது. செப்டம்பர் என்று குறித்துக்கொண்டு ஒரு வாரம் தப்பான மாதத்தில் தேடினேன். அது மாதமே இல்லை. ‘செபுல்டஸ்’, அதாவது அடக்கம் செய்யப்பட்டார் என்ற லத்தீன் சொல்லின் தலை மட்டும்.

1. முதலில் ஆண்டைப் பாருங்கள். இந்தப் பதிவேடுகள் 1538இல் தொடங்கியவை. 1733 வரை பல ஊர்களில் லத்தீன்தான். 1752க்கு முன் புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. ஆக, ‘பிப்ரவரி 1720’ நம் கணக்கில் 1721.

2. முன்னும் பின்னும் இரண்டு பக்கம் படியுங்கள். குறுக்கி எழுதியவரே வேறெங்காவது அதே சொல்லை முழுதாக எழுதியிருப்பார்.

3. வரிக்கு மேலே தூக்கி எழுதிய குட்டி எழுத்து, நடுவில் எழுத்துகள் விடுபட்டதற்கு அடையாளம். ‘டபிள்யூ-எம்’ வில்லியம். ‘ஜே-என்-ஓ’ ஜான்; ஜொனாதன் என்று படித்து ஏமாறுவோர் ஏராளம். ‘எக்ஸ்’ஸில் தொடங்கும் பெயர் பெரும்பாலும் கிறிஸ்டோபர், அந்த எக்ஸ் உண்மையில் கிரேக்க எழுத்து. தாத்தா காலத்துப் பத்திரத்தில் நாள், மாதம், ஆண்டைக் குறிக்கும் ௳, ௴, ௵ பார்த்துப் பழகியவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல.

4. எண்ணும் ‘பெர்’ரும் சேர்ந்து வந்தால் அது மாதம். ‘7பெர்’ ஜூலை அல்ல, செப்டம்பர். லத்தீனில் ‘செப்டம்’ என்றால் ஏழு. 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். டிசம்பரை ரோமன் பத்தான எக்ஸ் போட்டும் எழுதுவார்கள். கிறிஸ்டோபரின் எக்ஸோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

5. ஒற்றை எழுத்துதான் உண்மையான தலைவலி. ‘பி’யை (P) எடுத்துக்கொள்ளுங்கள். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி, ஏழைகளுக்கு விலக்கு. அந்த ஆண்டுகளில் ‘பி’ பெரும்பாலும் ‘பாப்பர்’, அதாவது ஏழை என்பதற்கான குறி. ஞானஸ்நானப் பக்கத்தில் அதே ‘பி’, ‘பிரைவேட்’, அதாவது நோயாளிக் குழந்தைக்கு வீட்டிலேயே அவசரமாகக் கொடுத்த ஞானஸ்நானமாகவும் இருக்கலாம். இரண்டு வரி கழித்து அதே குழந்தை ‘சபையில் சேர்க்கப்பட்டது’ என்று வந்தால் சந்தேகம் தீர்ந்தது.

அடக்கப் பக்கத்தில் ‘ஏ-எஃப்-எஃப்’ இருந்தால் அது அஃபிடவிட். பிணத்தை ஆங்கிலேயக் கம்பளித் துணியில்தான் புதைத்தோம் என்று சத்தியம் செய்யச் சொன்னது 1678ஆம் ஆண்டுச் சட்டம். கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடு!

6. எதற்கும் மசியாத குறியை ஊகித்து விரித்து எழுதாமல், கண்ணில் பட்டபடியே நோட்டில் வரைந்து ஒரு கேள்விக்குறி போடுங்கள். பிறகு பிஷப்புக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகலைத் தேடுங்கள். நகல் எழுதிய கை வேறாக இருந்தால், இங்கே குறுகிக் கிடந்த சொல் அங்கே முழுதாக இருக்கக்கூடும்.